ஒரு கை இல்லாத கோட்டு

செத்துப் போனவர் கூப்பிட்டிருந்தார்.

கேப்டன் பேய் பிசாசுக்குப் பயப்படுகிறவள் இல்லை. எதிரியின் உளவாளிகளைப் பிடிப்பதற்கென்றே படையில் ஒரு பிரிவு உண்டு. அதில் இருப்பவர்களுக்கு உயிரோடு இருப்பவர்களைக் கண்டு பயப்படவே நேரம் போதாது. ஆனாலும் உதவியாளன் சொன்னதைக் கேட்டதும், கையிலிருந்த டீயைக் குடிக்காமலே மேஜைமேல் வைத்தாள்.

“இன்னொரு தடவை சொல்லு.”

“பழைய தையல் கடை ஜன்னல்ல ஒரு பொம்மை நிக்குது மேடம். தலை கிடையாது. அதுக்குச் சாம்பல் கலர்ல ஒரு கோட்டு. அந்தக் கோட்டுக்கு ஒரு கை கிடையாது. தலையில்லாதவனுக்குக் கை ஒரு கேடான்னு விட்டுட்டாங்க போல.”

இப்படிப் பேசுகிறவன் பெயர் தந்தி. வீட்டில் வைத்த பெயர் வேறு. சிக்னல் பிரிவில் வேலை பார்த்தவன், வாய் ஓயாதவன், ஆகவே தந்தி. நாளைக்கு நடக்கவிருந்த விசாரணைக்காகக் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவரச் சொல்லி கேப்டன்தான் காலையில் அனுப்பியிருந்தாள். போனவன் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே திரும்பி வந்திருந்தான்.

“தோள்ல என்ன?”

“கடைக்குள்ள போனேன். போனேன்னு சொல்றதைவிட மோதினேன்னு சொல்லலாம். அது கதவில்லை மேடம், கோட்டை. முட்டி மோதித் திறந்தா உள்ள ஒரு அம்மா. பட்டன் தைக்கணும்னேன். கடை இன்னும் திறக்கலைன்னாங்க. அதைக் கதவே சொல்லிடுச்சுன்னேன். சிரிக்கவே இல்லை.”

கேப்டனும் சிரிக்கவில்லை. எட்டு வருடமாக அந்தக் கடைதான் அவள் கனவில் வந்துகொண்டிருந்தது. கனவில் தையற்காரர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருப்பார். உதடு நிறையக் குண்டூசி. “யார் காட்டிக் கொடுத்தது?” என்று அவள் கேட்பாள். வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டு மனிதர் எப்படிப் பதில் சொல்வார்? கழுத்தை மட்டும் தொட்டுக் காட்டுவார். அவரைத் தூக்கில் போட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியாததா? ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில்தான் விழிப்பாள்.

அப்போது இந்த ஊர் எதிர்ப்படையின் கையில் இருந்தது. அவர்களுடைய சீருடையெல்லாம் அந்தக் கடையில்தான் தைத்தார்கள். குளிர் கோட்டுக்கு அவசரப்படுத்தினால் படை மலைப்பக்கம் போகிறது. தோளில் புது நட்சத்திரம் தைக்கச் சொன்னால் அதிகாரி மாறுகிறார். இடுப்பைப் பிடித்துத் தைக்கச் சொன்னால் அவர்களுக்குச் சாப்பாடு சரியாக வந்து சேரவில்லை. உளவென்றால் சுவரேறிக் குதிப்பது என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். தையற்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே ஒரு படையை அளவெடுத்து வைத்திருந்தார். அந்த அளவை வாங்கிக்கொண்டு போக, கேப்டன் பட்டன் விற்கிற பெண் வேஷத்தில் எல்லை தாண்டி வருவாள். கடைக்குள் வரலாமா, வேண்டாமா என்பதை ஜன்னல் பொம்மை சொல்லும்.

அடையாளத்தை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் விதி. விசாரணை அறையில்கூட ‘அடையாளம் இருந்தது’, ‘அடையாளம் இல்லை’ என்பதோடு சரி. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அவள் அதைத் தந்தியிடம் சொன்னாள்.

“கோட்டுக்கு ஒரு கை இல்லைன்னா, செய்தி இருக்கு, வா. காலர் இல்லைன்னா, ஆபத்து, வராதே.”

“அப்ப இன்னைக்கு, வா?”

“ஆமா.”

“மேடம், செத்தவங்க கூப்பிட்டா போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க.”

“யாருக்கெல்லாம் இது தெரியும்னு யோசி.”

தந்தி விரலை மடக்கினான். “தையற்காரர். அவர் இல்லை. நீங்க. கர்னல் சார். அப்புறம் மீசைக்காரர்.”

மீசைக்காரர் என்பது பழைய சார்ஜன்ட். எட்டு வருடத்துக்கு முன்னால் கேப்டன் திடீரென்று வயிற்று ஆபரேஷனுக்குப் போய்ப் படுத்துவிட, அந்த வாரம் கர்னல் அவரிடம்தான் அடையாளத்தைச் சொல்லிப் பட்டன் பெட்டியோடு அனுப்பினார். போனவர் முழுசாகத் திரும்பி வந்தார். தையற்காரர் மாட்டிக்கொண்டார். கேப்டன் போட்ட கணக்கு மிக எளிமையானது: ‘வா’ என்று தையற்காரரே கூப்பிட்டிருக்கிறார் என்றால் அதுவரை கடையில் ஆபத்தில்லை. பிறகு ஆபத்து எப்படி வந்தது? போனவரோடு போனது. அன்றிலிருந்து மீசைக்காரர் கிடங்கில் பழைய பூட்ஸுகளுக்குக் காவல் இருக்கிறார். காட்டிக் கொடுத்தவன் என்ற பட்டத்தை நிரந்தரமாகச் சூட்டுவதா, வேண்டாமா என்பதுதான் நாளைய விசாரணை. கேப்டனின் வாக்குமூலத்தை வைத்துத்தான் முடிவு.

“கர்னலுக்கு மட்டும் முதல்ல தலைகீழா சொல்லி வெச்சிருந்தேன்,” என்றாள் கேப்டன்.

“அவருக்கேவா?”

“அப்ப நம்ம ஆபீஸ்லேருந்து செய்தி கசிஞ்சுட்டிருந்தது. ஒவ்வொருத்தர்கிட்டயும் ஒரு விஷயத்தை ஒவ்வொரு மாதிரி சொல்லி வெச்சேன். எந்த மாதிரி வெளியே போகுதோ அந்த இடம்தான் ஓட்டை. கர்னல்கிட்ட, காலர் இல்லைன்னா வா, கை இல்லைன்னா வராதேன்னு மாத்திச் சொன்னேன். கடைசியில ஓட்டை வேற இடத்துல இருந்தது. மெஸ் கான்ட்ராக்டர். அப்புறம் கர்னலுக்குத் திருத்திச் சொல்லிட்டேன்.”

“உங்ககிட்ட டீ வேணும்னா காபின்னுதான் கேக்கணும் போல.”

“நாளைக்கு விசாரணை. இன்னைக்கு அடையாளம். யாருக்கு லாபம்?”

தந்தி கொஞ்சம் யோசித்தான். “மீசைக்காரருக்கு. ‘பாருங்கய்யா, அடையாளம் ஊருக்கே தெரிஞ்சிருக்கு, என்னை மட்டும் ஏன் புடிக்கிறீங்க’ன்னு நாளைக்குச் சொல்லலாம்.”

“அந்தக் கோட்டை மாட்டச் சொன்னது யாருன்னு அந்த அம்மா வாயால வரணும். அது வந்துட்டா போதும், எட்டு வருஷத்துக் கணக்கு தீர்ந்தது. வண்டியை எடு.”

கடைத்தெருவில் சண்டையின் சுவடுகளை மூடிப் பூசியிருந்தார்கள். பூசிய சிமெண்ட் வேறு நிறமாக இருந்ததால், எங்கெல்லாம் குண்டு பாய்ந்திருந்தது என்பது முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. தந்தியைச் சற்றுத் தள்ளி வண்டியோடு நிறுத்திவிட்டு, உள்துணி கிழிந்த ஒரு கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு கேப்டன் நடந்தாள். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த பள்ளிக்கூட டீச்சர்; குளிர் வருவதற்குள் கோட்டைச் சரிபண்ண வேண்டும். அவ்வளவுதான் வேஷம். சின்ன வேஷம்தான் கிழியாமல் உழைக்கும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே வகுப்பெடுப்பாள்.

ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். அதே பொம்மை. அதே சாம்பல் கோட்டு. அது ஒரு நாளும் முடிந்ததில்லை, ஒரு நாளும் விற்றதில்லை. வெறும் நூலோட்டிய கையையும் காலரையும் வேண்டும்போது பிரிப்பார், வேண்டும்போது ஒட்டுவார். “சண்டை முடியட்டும், உங்க அளவுதான், முடிச்சுத் தரேன்,” என்பார் தையற்காரர். அளவு நாடாவை அவள்மேல் வைத்ததே கிடையாது. கண்ணாலேயே எடுத்த அளவு. இப்போது கண்ணாடியில் அவள் முகம் விழுந்தது. சரியாகப் பொம்மையின் கழுத்துக்குமேல் போய் உட்கார்ந்தது. அங்கேயிருந்து விலகினால் போதுமென்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மிஷினுக்குப் பின்னால் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நரை ஓடிய தலை, முழங்கைவரை மடித்துவிட்ட கை, மடியில் கத்தரி. தையற்காரரின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். கேப்டன் அவரைப் பார்த்ததே இல்லை. அவள் வந்த நேரங்களிலெல்லாம் மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிடுவார் தையற்காரர். பார்க்காத ஆளைப் பற்றி எவன் அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாதல்லவா?

“அக்கா, கோட்டு உள்துணி கிழிஞ்சிருக்கு. தைப்பீங்களா?”

“உக்காருங்க. ஊருக்குப் புதுசா?”

“ஆமாக்கா. டீச்சர். போன வாரம்தான் வந்தேன்.”

“இந்தக் கடைக்கு முதல் தடவையா?”

“முதல் தடவைதான்.”

அம்மாள் கோட்டை வாங்கவில்லை. கத்தரியை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“நான் எங்கண்ணன் ஊர்லேருந்து திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு. இந்த ஒரு வாரமா எத்தனையோ பேர் உள்ள வந்தாங்க. அத்தனை பேரும் அந்தக் கதவுல முட்டிக்கிட்டாங்க. இன்னைக்குக் காலையில ஒருத்தன் தோளை உடைச்சுக்கிட்டு எங்கிட்டயே ஜோக்கு வேற சொன்னான். நீங்க மட்டும் கைப்பிடியைக் கொஞ்சம் மேல தூக்கி, கீழே காலால ஒரு தள்ளு தள்ளி, சத்தமே இல்லாம வந்தீங்க. அந்தக் கதவை அப்படித் திறக்க ரெண்டே பேருக்குத்தான் தெரியும். அவருக்கும் எனக்கும்.”

பெயர், வேலை, ஊர், நடை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டு வந்தவள், கதவைத் திறந்த கையை மாற்ற மறந்துவிட்டாள். எட்டு வருடத்துக்கு முந்திய கை அது. அவளைக் கேட்காமலே திறந்துவிட்டது.

“அப்ப நீதான் அவ,” என்றார் அம்மாள்.

“எவக்கா?”

“நடிக்காதே. எந்திரிச்சு நில்லு. தோளைப் பாரு, அப்படியே அந்தக் கோட்டு அளவு. பொம்பளைக் கோட்டு, யாருக்குன்னு கேட்டா சும்மா ஜன்னலுக்குன்னு சொல்லுவார். கோட்டுல ஒரு கையைப் பிரிச்சா போதும், அன்னைக்கு மத்தியானம் என்னைச் சீக்கிரமா வீட்டுக்கு அனுப்பிடுவார். சாயங்காலம் வரும்போது முகத்துல அப்படி ஒரு வெளிச்சம். கட்டினவளுக்கு இது புரியாதா? அதான் அந்தக் கையைப் பிரிச்சு மாட்டினேன். வருவேன்னு தெரியும். வந்துட்டே.”

யாரும் மாட்டச் சொல்லவில்லை. கசிந்த செய்தி எதுவும் இல்லை. மீசைக்காரர் இதில் இல்லவே இல்லை. எதிரே இருந்த அம்மாள் தனியாக உட்கார்ந்து ஒரு பொறி வைத்து, படையின் உளவுப் பிரிவையே அதில் விழ வைத்திருந்தார்.

எதிராளி தானாகவே ஒரு பொய்யை எடுத்து நீட்டினால் மறுக்காமல் வாங்கிப் போட்டுக்கொள், நீ தைத்ததைவிட அதுதான் நன்றாகப் பொருந்தும். இதுவும் கேப்டன் எடுக்கிற வகுப்புதான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அம்மாளின் கண் கலங்கியது. கேப்டனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் எழுந்திருக்க அவளால் முடியவில்லை.

“கடைசி நாள் அன்னைக்கும் கூப்பிட்டிருந்தார்,” என்றாள் மெதுவாக. “என்னால வர முடியல. ஆஸ்பத்திரியில இருந்தேன்.”

“யாரு கூப்பிட்டா?”

“அவர்தான். கோட்டுல கையைப் பிரிச்சு...”

“யார் சொன்னா உனக்கு? அன்னைக்குக் கோட்டுக்கு ரெண்டு கையும் இருந்தது. காலர்தான் இல்லை.”

கேப்டன் நிமிர்ந்தாள்.

“என் கண்ணால பார்த்தேன்,” என்றார் அம்மாள். “சாப்பாடு கொண்டு வந்தேன். அதோ அந்தப் பெஞ்சுல ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க, எதிர்ப்படை ஆளுங்க. சந்தேகம் போல. ஒண்ணும் பேசல, சும்மா பார்த்துக்கிட்டே இருந்தாங்க. இவர் நிதானமா கோட்டை எடுத்து, காலரைப் பிரிச்சு, பொம்மைக்கு மாட்டி ஜன்னல்ல வெச்சார். அவர் அப்படிச் செஞ்சு நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்து, உங்கண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வான்னார். தெருவைத் தாண்டறதுக்குள்ள ஒரு மீசைக்காரன் பட்டன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு உள்ள போனான். போன வேகத்துல வெளியே வந்து சந்துல ஓடினான். அவ்வளவுதான். அப்புறம் இவரை இழுத்துக்கிட்டு வந்தாங்க. உளவாளின்னாங்க. ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி தேடற மனுஷன் உளவாளியாம்! உங்க விஷயம் தெரிஞ்சு உன் புருஷன்தான் மொட்டைக் கடுதாசி போட்டுட்டான்னு நினைச்சேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் நினைச்சேன்.”

அதற்குப் பிறகு அம்மாள் சொன்னது எதுவும் கேப்டன் காதில் விழவில்லை.

காலர் இல்லையென்றால் வராதே. ஆனால் கர்னலுக்கு அவள் சொல்லி வைத்தது என்ன? காலர் இல்லையென்றால் வா. திருத்திச் சொன்னாளே! எங்கே சொன்னாள்? கர்னலின் அறை வாசல்வரை போனது நினைவிருந்தது. உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பியது நினைவிருந்தது. சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் கிடந்தாள். சொல்ல நினைத்ததையே சொன்னதாக நம்பி எட்டு வருடத்தை ஓட்டியிருக்கிறாள். விசாரணையில் மீசைக்காரர், அடையாளம் இருந்தது, போனேன் என்று மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். என்ன அடையாளம் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதான் விதியாயிற்றே.

தையற்காரர் வராதே என்று கத்தியிருக்கிறார். அதை வா என்று படித்து மீசைக்காரர் உள்ளே போயிருக்கிறார். யாரும் போகாமலிருந்திருந்தால் பெஞ்சில் இருந்த இருவரும் அலுத்துப்போய் எழுந்து போயிருப்பார்கள். கனவில் மனிதர் கழுத்தைத் தொட்டுக் காட்டியது தூக்குக் கயிற்றை அல்ல. காலரை.

இப்போது எழுந்து போய்விடலாம். வேஷம் கச்சிதமாக இருந்தது. அம்மாள் அவளைச் சபித்துவிட்டு விட்டுவிடுவார். நாளைக்கு மீசைக்காரர்மேல் பழி விழும், கோப்பை மூடிவிடுவார்கள். இந்தக் கடையும் அவளும் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியப் போவதில்லை. கேப்டன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி இல்லை. எனக்கும் அவருக்கும் அப்படி ஒண்ணும் கிடையாது. அவர் எங்க படைக்குச் செய்தி சொன்னவர். நான் வாங்கிக்கிட்டுப் போனவ.”

அம்மாள் இமைக்காமல் பார்த்தார். “அப்ப உளவாளின்னு அவங்க சொன்னது நிஜமா?”

“நிஜம். அந்த வெளிச்சம் அதனாலதான். ஒவ்வொரு தடவையும், இன்னைக்கு ஒருத்தன் உயிரையாவது காப்பாத்தியிருப்போமான்னு கேப்பார். காலர் இல்லைன்னா வராதேன்னு அர்த்தம். அதை எங்க ஆபீஸ்ல நான் மாத்திச் சொல்லி வெச்சிருந்தேன், யாரையோ சோதிக்க. திருத்தணும்னு நினைச்சேன். திருத்தல. அதனாலதான் அந்த மீசைக்காரர் வந்தார். அவர் மேல தப்பில்லை. என் மேலதான்.”

அம்மாள் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்தார். அது அரைச் சுற்று சுற்றி நின்றது.

“எட்டு வருஷமா அந்த மனுஷனைத் திட்டியிருக்கேன்,” என்றார். “செத்ததுக்கு அழுததைவிட அதிகமா திட்டியிருக்கேன். ஒரு விளக்கு ஏத்தி வெக்கல. போட்டோவைத் திருப்பி வெச்சேன்.” சக்கரத்திலிருந்து கையை எடுத்தார். “அவர் எனக்குத் துரோகம் பண்ணல.”

“இல்லைக்கா.”

“நீ பண்ணியிருக்கே.”

“ஆமாக்கா.”

“வெளியே போ.”

கேப்டன் எழுந்தாள். கொண்டுவந்த கோட்டை எடுத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வண்டியில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த தந்தி, அவளைக் கண்டதும் நிமிர்ந்தான். “என்ன மேடம், ஆள் கிடைச்சாச்சா?”

“கிடைச்சாச்சு.”

“மீசைக்காரர்தானே? நான் அப்பவே சொன்னேன்.”

அவள் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்குள் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். பொம்மைக்கு விட்டுப்போன கையைக் குண்டூசி குத்தி மாட்டினார். பிறகு கத்தரியின் முனையால் காலரின் நூலைப் பிரித்தார். அவசரமே படவில்லை. காலரை உருவி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மொட்டைக் கழுத்தோடு பொம்மை தெருவைப் பார்த்து நின்றது.

“பாருங்க மேடம், கை வந்துடுச்சு, காலர் போயிடுச்சு. அந்தம்மாவுக்கு எதையாவது கழட்டலைன்னா பொழுது போகாது போல.”

“அது எனக்குச் சொல்றது.”

“என்னன்னு?” என்று கேட்ட பிறகுதான் தந்திக்கு மத்தியானம் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. பிஸ்கட் பொட்டலத்தை மெதுவாகச் சுருட்டி வைத்தான்.

“வராதேன்னு,” என்றாள் கேப்டன். “இனிமே வரக் கூடாது. வண்டியை எடு.”

“கர்னல்கிட்டயா?”

“அவர்கிட்ட அப்புறம். முதல்ல கிடங்குக்கு.”

“மீசைக்காரரைக் கைது பண்ணவா?”

“இல்லை. நாளைக்குக் குற்றவாளி நாற்காலியில உக்காரப் போறது அவர் இல்லைன்னு சொல்றதுக்கு. யாருன்னு அவர் கேப்பார். அதையும் நான்தான் சொல்லணும்.”

தந்தி வண்டியைக் கிடங்குப் பக்கம் திருப்பினான்.